கரியாகும் வைரம்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பிரதேசத்தில் வீடு கட்டுகிற ஒருவர், நிலைக்கும் கதவுக்கும் மரம் வாங்கவேண்டும் என்று தீர்மானித்த மாத்திரத்தில், அவருடைய சிந்தனை தம் ஊர்க் கண்மாய்க் கரையின் பக்கம் திரும்புவதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தின் பக்கமே திரும்புகிறது. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் வளர்ந்த தேக்கு கப்பலேறி, அத்துறைமுகத்தில் இறங்கி, லாரியில் வந்து, நகரத்து மரக்கடையில் சாய்த்து வைக்கப்பட்டுக் கன அடிக் கணக்கில் விலைபோகிறது. அதே சாலைகளில் வேறொரு வகை லாரியும் ஓடுகிறது. அதில் ஏற்றியிருப்பவை இந்த மண்ணிலேயே விளைந்த கருவேலும் வேம்பும் சீமைக் கருவேலும்தாம். ஆனால் அவற்றை மரம் என்று யாரும் சொல்வதில்லை, விறகு என்று சொல்லி டன் கணக்கில் எடைபோட்டு அனுப்பிவிடுகிறார்கள். "நம்ம பக்கத்துல ஏதுய்யா மரம்?" என்று கேட்கிறவர்களே இங்கு அதிகம். மரம் இருக்கிறது, அதைப் பலகையாக்குகிற கைதான் கிராமத்தை விட்டுப் போய்விட்டது என்பதும், அந்தக் கையை ஓரளவு திருப்பிக் கொண்டுவர இப்போது ஒரு சிறு யந்திரம் வாய்த்திருக்கிறது என்பதுமே நான் சொல்ல விரும்பும் அபிப்பிராயம்.

ஐப்பசி கார்த்திகையில் மழையைக் குடித்து உப்பியும், பங்குனி சித்திரையில் கை நுழையும்படி பாளம் பாளமாக வெடித்தும், ஆண்டுதோறும் தன்னையே புரட்டிக்கொள்கிற இந்த மண்ணில், ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழையை மட்டும் நம்பி உயிர்தரித்து நிற்கிற விருட்சங்கள் சிலவே. அந்தச் சிலவும் பெரும்பாலும் கடின ஜாதியைச் சேர்ந்தவை. நாட்டுக் கருவேலை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ இருக்கும் என்றால், உலர்ந்த கருவேல் 800 கிலோவை எட்டும். ஈரக் கரிசலில் அமிழ்ந்து இழுபடும் கலப்பைக்கும், பருத்திப் பொதி ஏற்றி எட்டயபுரத்துக்கும் விருதுநகருக்கும் போய்வந்த பாரவண்டிக்கும் இந்த மரத்தைத்தான் நம் முன்னோர் நம்பினார்கள். வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரக்காலும் வட்டையும், ஏர்க்காலும் மேழியும், கருவேல் இல்லாமல் நடந்ததில்லை. செக்குக்கு வாகையும் புளியும் வேண்டியிருந்தன. வீட்டு நிலைக்கு வேம்பு உகந்ததாக இருந்தது. வாகையின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. நாம் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுவிட்டு அடுப்பில் வைக்கிற அந்த மரத்தின் பலகைதான், வெள்ளைக்காரர் காலத்தில் அந்தமானிலிருந்து கப்பலேறி, ஐரோப்பிய மரவியாபாரிகளிடம் 'கிழக்கிந்திய வால்நட்' என்ற கௌரவமான நாமகரணத்தோடு விலைபோயிற்று.

பிறகு டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது, இரும்புக் கலப்பை வந்தது. ஆசாரிப் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன. மரத்துக்கு இருந்த தேவை போயிற்றே தவிர மரம் போய்விடவில்லை. உண்மையில் அதன்பின்தான் அது அதிகமாயிற்று. 1981இல் ஸ்வீடன் தேசத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ், கண்மாய் நீர்பிடிப்புப் பகுதிகளில் கருவேலை வரிசை வரிசையாக நட்டார்கள். தண்ணீரில் நின்றாலும் சாகாத, வறண்டாலும் வாடாத மரம் என்பதால் அந்தத் தேர்வு புத்திசாலித்தனமானதே. ஆனால் அத்திட்டம் பிரதானமாக எதிர்பார்த்தது விறகை. விறகாகவே அது ஏலம் போயிற்று. இன்றும் கண்மாய்க் கருவேல் என்றால் ஏலம் எடுப்பவர் கண்ணுக்கு அது விறகுதான். ஒன்றை எதற்காக வளர்த்தோமோ அதற்குமேல் அதில் எதையும் காணாதிருப்பது அரசாங்க இலாகாக்களுக்கு மட்டும் உரிய குணமன்று.

சீமைக் கருவேலின் சங்கதி எல்லாரும் அறிந்ததுதான் என்றாலும், அதன் பூர்வோத்தரத்தைச் சற்றே நினைவுபடுத்துவதில் தவறில்லை. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிக்கொண்டிருந்த 1876ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பெட்டோம் துரை, வறண்ட பூமியில் விறகுக்கு ஆகும் இந்த மரத்தின் விதையைத் தருவித்துத் தரும்படி மேலிடத்துக்கு எழுதினார்; 1877இல் விதை வந்து கடப்பை ஜில்லாவில் ஊன்றப்பட்டது. அங்கிருந்து அது எப்படி எப்படியோ பரவி, இராமநாதபுரம் சீமையையும் விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசலையும் பிடித்துக்கொண்டு, தரிசு, கண்மாய், ஓடை, சுடுகாடு என்று ஓரிடம் பாக்கியில்லாமல் நிறைந்துவிட்டது. கலிங்கப்பட்டிக்காரரான வைகோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இதற்காக வழக்காடியதும், 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த நீதிமன்றத்தின் ஆணைகளை அடுத்து ஊர் ஊராக ஜேசிபி இறங்கி வேரோடு பிடுங்கியதும், அவ்வாண்டிலேயே அந்த வேகத்துக்கு இடைக்காலத் தடை வந்ததும், 2022இல் அந்நியக் களைத்தாவரங்களைப் பற்றிய கொள்கை ஒன்றைத் தமிழக அரசு வெளியிட்டதும் நாம் பத்திரிகைகளில் படித்தவையே. பிடுங்கிய மரம் என்னவாயிற்று என்று மட்டும் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? கரிமூட்டத்துக்குப் போயிற்று.

கரிமூட்டத் தொழிலை நான் இழிவாகக் கருதுகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது அதுதான். மணிக்கட்டுப் பருமனும் தொடைப் பருமனுமாக முறுக்கிக்கொண்டு நிற்கும் முள்ளைக் கரியாக்குவதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது. ஆனால் நாற்பது ஐம்பது வருஷம் நின்று, இரண்டரை அடி, மூன்று அடிச் சுற்றளவுக்குப் பருத்து, ஓடைக் கரையில் ஆளுயரத்துக்கு நேராக ஓடிய அடிமரமும் அதே மண்மூட்டத்துக்குள் போவதைக் காணும்போதுதான் மனம் ஒப்பவில்லை. மூட்டத்தில் போட்ட பச்சைக் கட்டையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கரியாக மிஞ்சினால் அதுவே அதிகம்; மீதி புகையாகவும் நீராவியாகவும் ஆகாயத்துக்குப் போய்விடுகிறது.

அறுத்துப் பார்த்தவர்களுக்கே சீமைக் கருவேலின் அருமை தெரியும். வெளியே இரண்டு விரல் கனத்துக்கு வெளிறு. அதற்குள்ளே இருக்கும் வைரம் செம்பழுப்பு; அது இழைப்புளி ஓடியபின் இன்னும் கறுத்து, பழைய செட்டிநாட்டு வீட்டுக் கதவின் வர்ணத்துக்கு வந்துவிடுகிறது. இதன் சகோதர ஜாதியை அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துக்காரர்கள் 'மெஸ்கீட்' என்று அழைத்து, வீட்டுத் தளத்துக்கும் விலையுயர்ந்த மேஜை நாற்காலிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். அர்ஜென்டினாவில் 'அல்கரோபோ' என்ற பெயரில் அது கதவாகவும் கட்டிலாகவும் ஆகிறது. காயும்போது மரம் சுருங்குவது இயற்கை. இந்த ஜாதி மரமோ பச்சையிலிருந்து முழுதும் காய்வதற்குள் தன் கன அளவில் நாலைந்து சதவீதமே சுருங்குகிறது. கடின மரங்களுள் இது அபூர்வமான குணம். ஈர மாதங்களில் கதவு பிடித்துக்கொண்டு திறக்க மறுக்கும் தொல்லையை அனுபவித்தவர்கள் இதன் மதிப்பை உடனே உணர்வார்கள்.

இவ்வளவு நல்ல மரம் ஏன் பலகையாவதில்லை என்ற கேள்விக்கு விடை மரத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. பழைய காலத்தில் மரம் அறுப்பதற்கு ஆட்கள் ஊருக்கே வந்தார்கள். தோட்டத்திலோ ஊர்ப் பொட்டலிலோ குழி தோண்டி, குழியின்மேல் கட்டையை ஏற்றி, கரி தோய்த்த நூலைச் சுண்டி வரி போட்டு, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் குழிக்குள் நின்றும் நீள ரம்பத்தை இழுப்பார்கள். கீழே நிற்பவர் கண்ணிலும் மூக்கிலும் தூள் கொட்டும். அவருக்குக் கூலி அதிகமென்று நான் கேள்விப்பட்டதில்லை. அந்தத் தொழில் மறைந்து, நகரத்தில் மரஅறுவை மில் வந்தது. மில்லின் பட்டை ரம்பம் சுத்தமாகவும் விரைவாகவும் அறுக்கும். ஆனால் அது மரத்தைத் தேடி வராது, மரம் அதைத் தேடிப் போகவேண்டும். உருளைக்குடியிலோ இடைசெவலிலோ புயலில் சாய்ந்த ஒற்றை வேம்பைக் கிரேன் வைத்துத் தூக்கி, வண்டி பிடித்து, மில்லில் முறைகாத்து அறுத்து, மறுபடி வண்டி பிடித்து ஊர் கொண்டுவந்து சேர்ப்பதற்குள், கடையில் அந்நிய மரமே வாங்கியிருக்கலாம் என்று தோன்றிவிடும். அதனால் விறகுக்காரர் வருகிறார், அடிமரத்தை மூன்றடித் துண்டுகளாகப் போடுகிறார், கதை முடிந்துவிடுகிறது. அடிமரத்தை மூன்றடியாக வெட்டுகிற அந்த ஒரு கணத்தில் மரத்தின் முக்கால் மதிப்பு போய்விடுகிறது என்பது என் கணிப்பு.

அந்த விறகுக்காரர் கையில் இருப்பது செயின் சா என்றும் பவர் சா என்றும், சிலர் வாயில் வெறும் மெஷின் என்றும் வழங்குகிற செயின் ரம்பம். இன்று கரிசல் கிராமங்களில் இது இல்லாத விறகுக்காரரே இல்லை. விலை மலிந்த 58 சிசி யந்திரமும் 22 அங்குலத் தகடும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. மரத்தைச் சாய்ப்பதற்கும் துண்டு போடுவதற்கும் மட்டுமே நாம் அதை அறிவோம். அதே யந்திரத்தைக் கொண்டு கட்டையை நீளவாக்கில் அறுத்துப் பலகை எடுக்கலாம் என்பதையும், அதற்கு வேண்டிய கூடுதல் சாமான், வெல்டிங் பட்டறையில் ஒரே நாளில் செய்துவிடக்கூடிய ஓர் இரும்புச் சட்டமே என்பதையும் அறிந்தவர் மிகச் சிலர்.

அதன் முறையைச் சொல்லிவிடுகிறேன். கட்டையை இரண்டு குறுக்குக் கட்டைகள்மேல் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்து, உருளாதபடி இருபுறமும் ஆப்பு இறுக்கி, மேலே ஒரு நேரான ஏணியையோ இரண்டு சதுரக் குழாய்களையோ ரசமட்டம் பார்த்துத் திருகாணியால் பொருத்திவிட வேண்டும். இரும்புச் சட்டம் ரம்பத்தின் தகட்டை இரு முனையிலும் கவ்விக்கொண்டு, அந்த ஏணியின்மேல் வழுக்கி ஓடும். சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறோமோ அவ்வளவு கனத்துக்கு மரம் கழியும். முதல் அறுப்பில் மேல்புறத்து மொட்டைப் பத்தை விலகி, கட்டைக்கு ஒரு தட்டையான முகம் பிறக்கிறது. அதன்பின் ஏணி வேண்டாம். அந்த முகத்தின்மேலேயே சட்டம் நடக்கும், பலகை பலகையாகக் கழன்று வரும். பச்சை மரமாக இருந்தால் ரம்பம் இணங்கி ஓடும். காய்ந்து கிடந்த கருவேல் என்றால் ஏழரை அடி நீளத்துக்கு ஓர் அறுப்பு முடியக் கால் மணி நேரமும் ஆகும், இடையில் ஒருமுறை அரம் போடவும் நேரும். பல் தீட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடையில் வாங்கும் செயினின் பற்கள் மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்காக 30 பாகை சாய்வில் தீட்டப்பட்டவை. நீளவாக்கில் அறுக்க அந்தச் சாய்வை 10 பாகைக்குக் குறைத்துத் தீட்டவேண்டும். இது தெரியாதவர்கள் யந்திரத்தை அழுத்து அழுத்தென்று அழுத்தி, தகட்டைச் சூடேற்றி, பலகையில் படிக்கட்டுப்போல வரி விழச் செய்து, "இதெல்லாம் மில்லுக்கு ஆகுமாய்யா" என்று அலுத்துக்கொண்டு வைத்துவிடுகிறார்கள்.

குறைகளை மறைத்துப் பேசுவது நியாயமன்று. மில்லின் பட்டை ரம்பம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மரத்தைத்தான் தூளாக்கும். செயின் ரம்பம் எட்டு மில்லிமீட்டரைத் தின்றுவிடும். ஓர் அங்குலப் பலகை எடுத்தால், பலகைக்கு 25 மில்லிமீட்டரும் தூளுக்கு எட்டுமாக, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தரையில் கொட்டிப்போகிறது. ஆகையால் மெல்லிய பலகைக்கு இது லாயக்கில்லை. நிலைச் சட்டம், உத்தரம், படிக்கல்லுக்குப் பதிலாகப் போடும் தடித்த பலகை, பெஞ்சு, மாட்டுத் தொழுவத்துக் கட்டுத்தறி என்று கனமான உருப்படிகளுக்கே இதைக் கொள்ளவேண்டும். மெல்லியது வேண்டுமானால், கனமாக அறுத்துக் காயவைத்து, பிறகு ஆசாரியின் மேஜை ரம்பத்தில் பிளந்துகொள்ளலாம். பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் கலந்து ஊற்றுகிற செலவும் உண்டு, செயின் தேய்மானமும் உண்டு.

அப்படியும் கணக்கு கட்டுமா என்று பார்ப்போம். நாலு அடிச் சுற்றளவும் ஏழரை அடி நீளமும் உள்ள ஒரு கருவேல் அடிமரம். மரவியாபாரியின் கணக்குப்படி, சுற்றளவில் கால் பங்கை அதனாலேயே பெருக்கி நீளத்தாலும் பெருக்கினால் ஏழரைக் கன அடி. உள்ளபடி அந்த உருளையில் இருப்பது ஒன்பதரைக் கன அடி. அந்தப் பழைய கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு விற்பவனுக்குத் தெரியாமலே போய்விடுகிறது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். பச்சையில் அதன் எடை முந்நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விறகென்று போட்டால் கால் டன்னுக்குச் சற்று அதிகமான விறகு, அவ்வளவுதான். அறுத்தால், வெளிறும் பத்தையும் தூளும் போகப் பாதியே தேறினாலும் நாலரைக் கன அடிக்கு மேல் வைர மரம் கிடைக்கும். ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டத்தில், ஏழடி உயரமும் மூன்றரை அடி அகலமும் உள்ள வாசல் நிலை ஒன்றுக்கு இரண்டேகால் கன அடி மரம் போதும். மிச்சத்தில் ஒரு ஜன்னல் சட்டமும் தாராளமாக வரும். கால் டன் விறகின் விலையையும் ஒரு வைர நிலையின் விலையையும் இந்த ஊர்க் கடைகளில் விசாரித்துப் பார்க்கிறவர்களுக்கு நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

அறுத்த பின்பும் அவசரம் கூடாது. கோவில்பட்டியின் காற்று மரத்தைக் காயவைப்பதில் கெட்டிக்காரக் காற்று. ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வீசும்போது, வெயிலில் போட்ட பலகை ஒரே வாரத்தில் முனை பிளந்து, படகுபோல வளைந்து போகும். பலகைக்குப் பலகை விரற்கனச் சட்டங்களை ஒரே நேராக வைத்து அடுக்கி, வெட்டுவாயில் பழைய பெயின்டையோ மெழுகையோ பூசி, கூரையின் நிழலில், மேலே பாரம் ஏற்றி வைக்கவேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று மரக்காரர்கள் சொல்லும் கணக்கு ஈரமான சீமைகளுக்கு உரியது; நம் பக்கத்தில் அவ்வளவு ஆகாது என்றாலும், இரண்டு அங்குலச் சட்டத்தை ஒரு கோடை முழுதும் பார்க்காமல் நிலைக்கு எடுப்பது புத்தியன்று. முற்காலத்தில் கட்டையைக் கண்மாய்ச் சகதியில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுத்தார்கள். அதில் நல்ல காரணம் இருந்தது. மரத்திலுள்ள மாச்சத்து தண்ணீரில் கழிந்துவிட்டால் உளுக்கும் வண்டுக்கு அங்கே ஆகாரம் இல்லை. சீமைக் கருவேலின் வெளிறை அந்த வண்டு சில மாதங்களிலேயே மாவாக்கிவிடும். வைரத்தை அது தொடுவதில்லை. ஆகவே வெளிறை இரக்கமின்றிக் கழித்துவிடுவதே க்ஷேமம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு, கண்ணுக்குக் கண்ணாடியோ காதுக்கு அடைப்போ இன்றி, வாயில் பீடியோடு செயின் ரம்பம் பிடிக்கிற இளைஞர்களை எந்தக் கிராமத்திலும் காணலாம். ஒரு விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடுகிற அந்தச் செயின், தகட்டின் மூக்கு ஒரு முடிச்சில் முட்டினால், யந்திரத்தையே பிடித்தவன் முகத்தை நோக்கி எகிறச் செய்யும். பலகை அறுக்கும்போது ஆள் மணிக்கணக்கில் குனிந்து, புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்திருக்க நேர்கிறது. அந்தப் புகையும் வேம்பின் காரமான தூளும் நெஞ்சில் தங்கும். சாலையோரத்து மரங்களில் இன்னோர் அபாயம் ஒளிந்திருக்கிறது. டியூஷன் சென்டரின் தகரப் பலகைக்கும், நிலம் விற்பவரின் விளம்பரத்துக்கும், சகல கட்சிகளின் வாழ்த்துக்கும் அடித்த ஆணிகள் பட்டை மூடி உள்ளே புதைந்துவிடுகின்றன. பத்து வருஷம் கழித்து ரம்பம் அதில் மோதும்போது பல் தெறிக்கும், சில சமயம் செயினே அறும். காலணி, கால்காப்பு, கண்ணாடி, காதடைப்பு ஆகிய நான்கும் இல்லாதவனுக்கு யந்திரத்தை வாடகைக்குக்கூடத் தரக்கூடாது. இவற்றுக்கான செலவு யந்திரத்தின் விலையைவிடக் குறைவுதான். ஆஸ்பத்திரிச் செலவைவிட நிச்சயமாகக் குறைவு.

பனையை இந்தப் பேச்சில் சேர்க்கவேண்டாம். அதன் வைரம் வெளியே இருக்கிறது, உள்ளே சோறு. அதைப் பிளந்து கைமரமாக்குவது வேறு வித்தை. தவிர, 2021ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையிலேயே, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று அரசு அறிவித்துவிட்டது. செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்த மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு அவசியமானதே.

இனி, நியாயமான ஓர் ஆட்சேபத்துக்கு வருகிறேன். "பலகைக்கு விலை உண்டு என்று காட்டிவிட்டால், நிற்கிற மரத்தையும் வெட்டிவிடமாட்டார்களா?" என்று மரத்தில் அன்புடையவர்கள் கேட்பார்கள். இலங்கையில் 2019ஆம் ஆண்டில் அப்போதைய ஜனாதிபதி சிறிசேன, காட்டைக் காப்பதற்காகச் செயின் ரம்பங்களின் இறக்குமதியையே தடுக்கப் போவதாக அறிவித்தது இந்த அச்சத்தினால்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், செயின் ரம்பத்தால் வியாபாரத்துக்குப் பலகை அறுப்பதை 1998இல் சட்டத்தாலேயே தடுத்தார்கள். தடுத்த பின்பும் உள்ளூர்ச் சந்தைக்கு வரும் பலகையில் பெரும்பகுதி அதே ரம்பத்தால் அறுபட்டதாகவே இருந்தது. மாறியது ஒன்றே, அது இரவில் அறுக்கப்பட்டது. தென்னமெரிக்கக் கயானாவிலோ அதே தொழிலுக்கு அனுமதிச்சீட்டு கொடுத்து, கணக்கு வாங்கிக்கொண்டு, பகிரங்கமாக நடக்க விட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற தொழிலைத்தான் ஒழுங்குபடுத்த முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் கரிசலில் மரம் ஏற்கெனவே வெட்டுப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வெட்டலாமா என்பது இங்கே கேள்வியன்று, வெட்டியது அடுப்புக்கா வீட்டுக்கா என்பதே கேள்வி. வீட்டுக்கு என்றால் ஒரு மரத்துக்கு முன்னைவிட அதிகப் பணம் வரும். ஐந்து மரம் விற்றுக் கிடைத்த காசு ஒரு மரத்தில் கிடைக்கும்போது, மற்ற நாலையும் நிற்கவிடுகிற சம்சாரிகளும் உண்டு, அவற்றையும் விற்றுவிடுகிறவர்களும் உண்டு. மனித சுபாவத்தைப் பற்றி நான் ஜாமீன் கொடுக்கத் தயாராக இல்லை.

சீமைக் கருவேலைப் பற்றி மற்றோர் ஆட்சேபமும் எழும்: அதற்கு மதிப்பு ஏற்படுத்தினால் அதை ஒழிக்கவே முடியாதே என்பது. கென்யா தேசத்தின் பாரிங்கோ பகுதியில் இதே ஜாதி முள்மரம் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட, அங்குள்ள ஜனங்கள் அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்து, அதன் இனிப்பு நெற்றைத் தின்று பல் போன ஓர் ஆட்டையே சாட்சியாக நீதிமன்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்படிப்பட்ட தேசத்திலேயே, வெட்டி உபயோகித்து அடக்குவது என்ற வழியையும் முயன்று பார்க்கத் தொடங்கினார்கள். முப்பது ஆண்டு நின்ற மரம் பலகைக்கு ஆகுமே தவிர, மூன்று ஆண்டுக் கன்று ஆகாது. ஆகவே பலகைக்காக யாரும் இதைப் பயிர்செய்யப் போவதில்லை. எடுத்த இடத்தில் தூரைத் தோண்டி எறிந்துவிட்டு வேம்பையோ கருவேலையோ வைக்கும்படி கட்டளையிடுவதும், கட்டளை நிறைவேறுகிறதா என்று பார்ப்பதும் ஊராட்சியின் பொறுப்பு.

அரசாங்கம் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம். காடுகளைப் பற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பரிலும் அதன்பின் 2002இலும் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால், மரஅறுவை மில்களுக்கு நாடெங்கும் கட்டுப்பாடு வந்தது. காட்டைச் சூறையாடிய மில்களை நிறுத்த அது வேண்டியதாகவே இருந்தது. ஆனால் தன் பட்டா நிலத்தில் சாய்ந்த வேம்பைத் தன் வீட்டுக்கு அறுத்துக்கொள்ளும் சம்சாரியும், வாடகைக்கு ரம்பம் கொண்டுவரும் ஆளும், தாங்கள் செய்வது குற்றமா இல்லையா என்று தெரியாமல் பயந்துகொண்டிருக்கும் நிலை நீடிக்கக்கூடாது. எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், எவ்வளவுக்கு மேல் போனால் மில் என்று கருதப்படும் என்பதை, சாதாரண ஜனங்களுக்கு விளங்கும் தமிழில் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துச் சுவரில் எழுதி வைத்தால் போதும். 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கரிசலுக்கேற்ற பருத்தியையும் சோளத்தையும் கொடுத்த ஸ்தாபனம். அதன் ஒரு மூலையில் மரம் காயவைக்கும் கொட்டகை ஒன்று போட்டுக் கருவேலும் வாகையும் வேம்பும் எத்தனை நாளில் எப்படிக் காய்கின்றன என்று அளந்து சொன்னால், அந்த ஞானம் மாவட்டம் முழுதுக்கும் பயன்படும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்த ரம்பத்தைப் பிடிக்கவும் தீட்டவும் சொல்லித்தர, முழுப் படிப்பு ஒன்று தேவையில்லை, ஒரு மாதம் ஒதுக்கினால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஏலத்தில் ஒரு திருத்தம் வேண்டும். கோடையில் கண்மாய் வற்றிய பிறகே பெரும்பாலும் கருவேல் வெட்டுப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் லாரி ஏறிவிடுகிறது. நின்ற நிலையில் மொத்தமாக, விறகு என்றே விலை பேசப்படுவதால், எடுத்தவருக்கு அடிமரத்தைப் பிரித்து வைக்க நேரமும் இல்லை, காரணமும் இல்லை. இரண்டரை அடிச் சுற்றளவுக்கு மேற்பட்ட நேரான அடிமரங்களுக்கு முன்கூட்டியே நம்பர் போட்டு, அவற்றை ஏழெட்டு அடி நீளத்துக்குக் குறையாமல் தறித்துக் கரையேற்றி, கன அடிக் கணக்கில் தனியாக ஏலம் விடவேண்டும்; அதில் உள்ளூர் ஆசாரிகளும் வீடு கட்டுகிறவர்களும் ஒற்றைக் கட்டையாகக் கேட்க இடம் இருக்கவேண்டும். இதற்குச் சட்டசபை கூடவேண்டியதில்லை. அடுத்த ஏல அறிவிப்பில் இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும்.